கப்பல் சாப்பாட்டில் யார் வீட்டு உப்பு?

போன மாதம் இங்கே சிங்கப்பூரில், எங்கள் புக்கிட் பாஞ்சாங் சமூக மன்றத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இங்குள்ள மூத்தோர் குழு சொகுசுக் கப்பலில் உல்லாசப் பயணம் போகிறது. நான் ஒரு காலத்தில் கப்பல் பயணங்களை நடத்தியவள் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். ஏற்பாட்டைக் கவனிக்கும் திவ்யா என் வீடு தேடி வந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, கேபின் எப்படி சூஸ் பண்றது, டைனிங்ல என்ன பாக்கணும், ஷோர் எக்ஸ்கர்ஷன் போனா எதைக் கவனிக்கணும், இதுக்கெல்லாம் டிப்ஸ் குடுங்க. ஃபைவ் மினிட்ஸ் போதும் லா" என்றாள்.

ஐந்து நிமிடத்தில் நான் கப்பல் ஏணியைக்கூட ஏறி முடிக்க மாட்டேன். ஆனாலும் போய்ப் பேசினேன். நடுக்கப்பலில் அறை எடுங்கள், முதல் நாளே பஃபேயைப் பார்த்துப் பாயாதீர்கள், கரைக்குப் போனால் கடைசி ஒரு மணி நேரத்தில் கடைக்குள் நுழையாதீர்கள் என்றேன். கை தட்டி ஒரு கூடைப் பழம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, தோலை அங்கே கொடுத்துவிட்டுச் சுளையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று. அதனால்தான் எழுதுகிறேன். தற்பெருமை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பெருமைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கடை இருந்தது. ஆபீஸ் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் முதலாளி கடை என்றே சொல்வார், எங்களுக்கும் அதுவே வாயில் வந்தது. முதலாளி நாகூர்க்காரர், மரைக்காயர். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போகிற கப்பல்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பது தொழில். நான் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். "பொம்பளப் புள்ளைக்குக் கப்பல் கடையில என்ன வேலை?" என்று அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. முதல் மாதச் சம்பளத்தில் அவருக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்ததும் பேசினார். என் பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

உல்லாசப் பயணம் என்ற யோசனை முதலாளியுடையது. ஒரு நாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"நம்ம சனங்க கப்பல் ஏறுனா ஒண்ணு கல்யாணம், இல்ல கருமாதி. சும்மா காத்து வாங்க யாராச்சும் ஏறுனதுண்டா? வெள்ளக்காரன் ஏறுறான். நமக்கு மட்டும் காத்து கசக்குதா?"

அப்போது சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு ஒரு கரையோரக் கப்பல் போய்வந்துகொண்டிருந்தது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் அதன் இரண்டாம் வகுப்பு அறைகள் பாதி காலியாகவே ஓடும். முதலாளி கப்பல்காரர்களிடம் பேசி அந்த அறைகளையும், பின்பக்கத்துச் சமையலறையையும் வாங்கிவிட்டார். பினாங்கு போய், ஒரு பகல் தங்கி ஊர் சுற்றிவிட்டு, திரும்பி வருவது. சொன்னதும் ஆண்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். வீட்டில் போய்ச் சொன்னதும் திரும்பி வந்து, "பொம்பளைங்களுக்குத் துணைக்கு யாரு வருவா?" என்று கேட்டார்கள். முதலாளி கடைக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார். அங்கே இருந்த ஒரே பெண் நான்தான். தட்டச்சு மேசையை விட்டு எழுந்தவள்தான், ஓய்வு பெறும் வரை திரும்ப அதில் உட்காரவில்லை.

கப்பல் துறையில் நின்றபோது முதலாளி என்னை அழைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போனார். அவர் அறையைப் பார்க்கிற விதமே தனி. செருப்பை வாசலில் கழற்றுவார். தொப்பியை எடுத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுக்கையில் மல்லாக்கப் படுத்து, கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பக்கம் போகிற கப்பல் ஆட்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் அசைய மாட்டார்.

"அறையைக் கண்ணால பாக்காத லோகா, காதால பாரு" என்பார் கண் திறக்காமலே. "கேக்குதா? மேல நாற்காலி இழுக்குறான். இது புள்ளத்தாச்சிக்கு ஆகாது."

பிறகு எழுந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் அந்தப் பக்கம் இயந்திர அறை என்று அர்த்தம். குழாயைத் திறந்து தண்ணீர் எந்த நிறத்தில் வருகிறது என்று பார்ப்பார். போர்வையை மோந்து பார்ப்பார். முன்பக்க அறைகளைப் பிள்ளைக்காரர்களுக்குக் கொடுக்க விடமாட்டார், விடியற்காலையில் நங்கூரச் சங்கிலி இறங்கும்போது குழந்தைகள் அலறிவிடும். போகும்போது மலாயாக் கரை வலப்பக்கம் தெரியும், பிற்பகல் வெயில் இடப்பக்கம் அடிக்கும். அதனால் வயதானவர்களுக்கு வலப்பக்க அறை. திரும்பும்போது எல்லாம் தலைகீழ். அப்போது என்ன செய்வது என்று கேட்டேன். "திரும்பி வர்றவங்க அசதியில தூங்கிருவாங்க, வெயிலு தெரியாது" என்றார்.

தலைகீழ் என்றதும் தலையணைக் கதை ஞாபகம் வருகிறது. வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று நம் வீட்டில் யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கப்பலுக்கு அது தெரியுமா? படுக்கைகள் நீளவாக்கில் இருந்தன, தலைமாடு கப்பலின் முன்பக்கம் பார்த்து. பினாங்குக்குப் போகிற கப்பல் வடமேற்கே போகிறது. முதல் பயணத்தில் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் நடைபாதையில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"கப்பல் எந்தத் தெச பாத்துப் போவுதும்மா?"

சொன்னேன்.

"அப்ப எங்க எல்லாரையும் பொணம் மாதிரி படுக்கப் போட்டிருக்கீங்க" என்றார்.

நடைபாதை முழுக்கக் கதவுகள் திறந்தன. நான் ஒவ்வோர் அறையிலும் நுழைந்து தலையணைகளைக் கால்மாட்டுக்கு மாற்றினேன். அறைகளைப் பார்த்துக்கொண்ட ஹைனான் சீனர், ஆ சோங் என்று பெயர், என் பின்னாலேயே வந்து அவற்றைப் பழைய இடத்தில் வைத்துக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சந்தையில் பேசுகிற மலாயில் அவருக்கு விளக்கினேன். அவர் தலையைச் சொறிந்தார், யோசித்தார். பிறகு, "பெர்கி பலாக்காங், பாலிக் டெப்பான்" என்றார். போகும்போது பின்னால், திரும்பும்போது முன்னால். அன்றிலிருந்து பினாங்கில் கப்பல் திரும்பும் முன்பே தமிழர் அறைகளில் எல்லாத் தலையணைகளையும் அவரே மாற்றிவிடுவார். எந்த வெள்ளைக்காரக் கம்பெனியும் தன் பயணிகளுக்கு இப்படி ஒரு சேவை செய்ததில்லை என்று இன்றைக்கும் மார்தட்டுவேன்.

நடைபாதையில் என்னைக் கூப்பிட்ட அந்த மனிதரின் பெயர் வைரவன். செம்பவாங் பக்கம் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவர், சிவகங்கைப் பக்கத்துக்காரர். இந்தக் கட்டுரையே அவரைப் பற்றியதுதான். அவருக்கு வருமுன் சாப்பாட்டு மேசையைப் போட்டுவிடுகிறேன்.

சமையலறையில் இரண்டு அடுப்பு. சைவ அடுப்புக்குச் சாமிநாதன் என்ற சமையல்காரர், மீனும் கறியும் சமைக்க இன்னொருவர். முதலாளி சைவ அடுப்புப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டார். வாசலிலேயே நின்று மூக்கால் சமையலைப் பார்ப்பார். "சாமிநாதா, பெருங்காயம் தூக்கலா இருக்கு" என்பார். இருக்கும். முதல் நாள் சாயங்காலம் தயிர்ச்சாதம், சுட்ட அப்பளம், எலுமிச்சை ஊறுகாய், இஞ்சி முரப்பா, அவ்வளவுதான். விருந்தை எதிர்பார்த்து வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். "வயிறு நெறஞ்சாலும் வாந்தி, காலியா இருந்தாலும் வாந்தி. பாதி வயித்துக்காரன்தான் கடல்ல மனுசன்" என்று முதலாளி மேசை மேசையாகச் சொல்லிக்கொண்டே போவார். கப்பல் மேசையின் ஓரத்தில் சாமான் விழாமலிருக்கக் கட்டை அடித்திருப்பார்கள். அதற்குள் வாழை இலை சரியாக உட்காரும். ரசம் மட்டும் இலையில் கிடையாது, தம்ளரில்தான். முதல் பயணத்தில் ஒருவர் கேட்காமல் இலையில் ஊற்றச் சொல்லி, கப்பல் ஒரு பக்கம் சாய, எதிரே இருந்த அம்மாளின் பட்டுப்புடவை ரசம் குடித்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட இடம் போதாது, இரண்டு பந்தி. ஆனால் இரண்டாம் பந்தியில் உட்கார எந்தத் தமிழன் சம்மதிப்பான்? சம்பந்தி வீட்டுக் கல்யாணத்திலேயே அதற்குச் சண்டை போட்டு வந்தவர்கள். முதலாளி முதல், இரண்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை. மல்லிகைப் பந்தி, முல்லைப் பந்தி என்று பெயர் வைத்தார். ஒரு நாள் மல்லிகை முன்னால் சாப்பிடும், மறுநாள் முல்லை முன்னால். சண்டை நின்றுபோனது.

கரைக்குப் போவதற்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. "எறங்குனா எல்லாரும் எறங்கணும், ஏறுனா எல்லாரும் ஏறணும்." கப்பலில் தங்கிவிட்டவர்கள் யார், ஊரில் தொலைந்தவர்கள் யார் என்று குழம்பக் கூடாது என்பதற்காக. படகில் ஏறும்போதும் பஸ்ஸில் ஏறும்போதும் குடைக் காம்பால் ஒவ்வொரு தலையாகத் தொடாமல் தொட்டு எண்ணுவார். இன்னொரு சட்டமும் உண்டு. சாப்பாட்டு மேசையில் வெளியாள் உட்காரக் கூடாது. இந்த இரண்டு சட்டத்தையும் முதல் பயணத்திலேயே உடைக்கச் சொல்லி நான் கேட்க வேண்டி வந்தது.

பயணத்துக்கு முன்பு, வைரவன் டிக்கெட் வாங்கிப் போன மறுநாள், அவர் மனைவி காமாட்சியம்மாள் தனியாகக் கடைக்கு வந்தார். மல்லிகைப் பூ வாங்க வந்தவர் போலக் கையில் பூப்பொட்டலம். வெகுநேரம் சுவரில் மாட்டிய கப்பல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பினாங்குல கப்பல் சாயங்காலம் வரைக்கும் நிக்குமாம்மா?"

"நிக்கும் அக்கா. மலை ரயிலு, தண்ணீர்மலைக் கோயிலு எல்லாம் கூட்டிட்டுப் போவோம்."

"நான் கப்பல்லயே இருந்துக்கலாமா?"

ஏன் என்று கேட்டேன். அழவில்லை, அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கடைக்கணக்கு சொல்வதுபோலச் சொன்னார். ஒரே மகள் தனம். தன்னோடு வேலை பார்த்த வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு பினாங்கு போய்விட்டாள். கல்யாணத்தன்று வைரவன் நாலு பேர் முன்னால், "இனி அவ வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன், என் வீட்டுல அவ கை நனைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். பேத்தி பிறந்து ஓடியாடுகிறாள். பாட்டி இன்னும் முகம் பார்க்கவில்லை.

"பினாங்குன்னு சொன்னதும் வேணாம்னு சொல்வாருன்னு நெனச்சேன். காசக் குடுத்து டிக்கெட் வாங்கிட்டாரு. ஏன்னு கேக்க எனக்குப் பயமா இருக்கு. அவ கப்பலுக்கு வந்து, ஒரு தடவ பாத்துட்டா போதும்மா. ஆனா அவருக்குத் தெரிஞ்சு கோவம் வந்துச்சுன்னா, அடுத்த ரயிலப் புடிச்சு என்னைக் கூட்டிட்டு வந்துருவாரு. அதுக்கப்பறம் பினாங்குங்கிற பேரே வீட்டுல எடுக்க முடியாது."

ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் இனி இல்லை. அதைத் தூக்கி என் மேசையில் வைத்துவிட்டு அவர் பூவோடு போய்விட்டார்.

அன்று மாலை முதலாளியிடம் சொன்னேன். காமாட்சியம்மாள் கப்பலில் தங்க வேண்டும், மகள் குடும்பம் கப்பலுக்கு வர வேண்டும், வைரவன் உட்பட எல்லோரும் எங்கள் மேசையில் சாப்பிட வேண்டும் என்றேன். அவர் டீ ஆறி ஆடை படிந்தது.

"மேசையில வெளியாள் கூடாதுன்னு சொன்னது நான்தான்" என்றார் கடைசியில். "ஆனா சோத்து நேரத்துல வந்தவங்கள வேணாம்னு சொல்ல எங்க வாப்பா எனக்குச் சொல்லித் தரல. வரச் சொல்லு. பினாங்குல என் மச்சான் இருக்காரு, அவரு நேர்ல போய்த் தகவல் சொல்லுவாரு. அன்னைக்குக் கரைக்கு உனக்குப் பதிலா நானே கூட்டத்த நடத்துறேன்."

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் விரலைத் தூக்கினார்.

"ஆனா ஒண்ணு. அந்த மனுசன ஏமாத்தி உக்கார வைக்கக் கூடாது. முகத்துக்கு நேரா சொல்லு. சொன்னப்பறம் அவரு கத்துனா வாங்கிக்க. ரயிலு ஏறுனா ஏறட்டும். ஒளிச்சு வச்சுப் போடுற சோறு ஒடம்புல ஒட்டாது."

காமாட்சியம்மாளிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. பிறகு, "சொல்லும்மா, என்னால முடியாது" என்றார்.

பினாங்குக்கு முந்தைய நாள் பிற்பகல். கடல் அமைதியாக இருந்தது. வைரவன் வலப்பக்கக் கம்பியில் கை ஊன்றிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய கை, பட்டறைக் கை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயா, ஒரு விஷயம் சொல்லணும். சொன்னா கோவப்படுவீங்க."

"கோவம் வர்ற விஷயத்த எதுக்கும்மா சொல்ற?"

"சொல்லாம செஞ்சா அதவிடக் கோவம் வருமே."

திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தாமல் சொல்லி முடித்துவிட்டேன். "நாளைக்கு மத்தியானம் தனம் கப்பலுக்கு வர்றாங்க. மருமகனும் பேத்தியும் கூட. அம்மாவோட இங்கயே சாப்பிடறாங்க. உங்களுக்கும் எல போடுறோம்."

"காமாட்சி ஏற்பாடா?"

"அம்மா கேட்டாங்க. ஏற்பாடு பண்ணது நான். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. கம்பியைப் பிடித்த கை மட்டும் இறுகியது.

"நாலு பேருக்கு முன்னால சொன்ன வாக்கும்மா. அவ வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன், என் வீட்டுல அவ நனைக்கக் கூடாது. நாக்கப் பெரட்டச் சொல்றியா?"

"பெரட்டச் சொல்லலைங்க ஐயா. இது அவங்க வீடும் இல்ல, உங்க வீடும் இல்ல."

கரையில் ஒரு மலை மெல்ல நகர்ந்து பின்னால் போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கப்பல் யாரோடது?"

"வெள்ளக்காரக் கம்பெனியோடதுங்க."

"அடுப்பு?"

"எங்க முதலாளி எடுத்திருக்காரு."

"உப்பு?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. "அதுவும் முதலாளி வாங்குனதுதான். சிராங்கூன் ரோட்டுல" என்றேன்.

தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, ஆகாது என்றா, தெரியவில்லை. "நாளைக்கு மலைக்கு எத்தன மணிக்குப் படகு?" என்று கேட்டுவிட்டு நேரத்தைத் தெரிந்துகொண்டு போய்விட்டார். சரி, மாட்டேன் என்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் துறைமேடையில் இடமில்லாததால் கப்பல் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டது. படகில்தான் கரைக்குப் போக வேண்டும். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வைரவன் முதல் ஆளாகப் படகில் இறங்கி உட்கார்ந்தார். கப்பல் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளி குடைக் காம்போடு எண்ணிக்கொண்டிருந்தார். ரயிலைப் பிடிக்கப் போகிறாரோ என்று பயந்தேன். ஆனால் மனைவியை விட்டுவிட்டா போவார் என்று தேற்றிக்கொண்டேன்.

மதியம் நெருங்கும்போது ஒரு சின்னப் படகில் தனம் வந்தாள். கணவர் முதலில் ஏறிக் கை கொடுத்தார். கடைசியாகக் கழுத்துவரை பொத்தான் போட்ட கவுனில் ஒரு குட்டிப்பெண். காமாட்சியம்மாள் ஏணித் தலைப்பில் நின்றிருந்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, நகர்ந்துவிட்டேன். சில இடங்களில் பயண நடத்துநர் இல்லாமல் இருப்பதுதான் நல்ல சேவை.

மூலை மேசையில் ஐந்து இலை போட்டிருந்தேன். தனம் எண்ணிப் பார்த்தாள்.

"அப்பா மலைக்குப் போய்ட்டாருன்னு அம்மா சொன்னாங்களே. இந்த எலைய எடுத்துருங்க அக்கா, பாக்க ஒரு மாதிரி இருக்கு."

"போட்ட எலைய எடுக்கிற பழக்கம் எங்க கடையில இல்ல" என்றேன். சும்மா சொன்னதுதான். அப்படி ஒரு பழக்கம் அந்த நிமிடத்தில்தான் ஏற்பட்டது.

சாமிநாதன் பரிமாறக் கரண்டியை எடுத்தார். அப்போது படிக்கட்டில் செருப்புச் சத்தம். வைரவன் நின்றுகொண்டிருந்தார். சலவைச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. கையில் பினாங்குக் கடைத்தெருவில் விற்கிற இனிப்பு ஜாதிக்காய்ப் பொட்டலம்.

"மலையில குளிரும்னாங்க. எனக்கு ஆவாது" என்றார் பொதுவாக, யாரையும் பார்க்காமல். உலை முன்னால் வாழ்நாளெல்லாம் நின்ற மனிதருக்குக் குளிர் ஆகாதாம்.

யாரும் எழவில்லை. குட்டிப்பெண் மட்டும் நாற்காலியிலிருந்து இறங்கி அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்க்கப் போனாள். அவர் குனிந்தார்.

"உன் பேரு என்ன?"

"சிவகாமி."

காமாட்சியம்மாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அது வைரவனைப் பெற்றவளின் பெயர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். கை நனைக்கக் கூடாது என்று அப்பா சொன்ன பிறகும், அப்பாவின் அம்மா பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்திருக்கிறாள் தனம். பெற்றவள் பெயரை வாயால் சொல்லிக் கூப்பிட முடியுமா? வைரவன் அந்தப் பெரிய கையை நீட்டினார்.

"வாங்க ஆத்தா. கை நனைப்போம்."

கை கழுவும் தொட்டி அவளுக்கு எட்டவில்லை. தூக்கிப் பிடித்துக் குழாயைத் திறந்துவிட்டார். சாமிநாதன் கரண்டியோடு திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அப்படி ஒரு சந்தோஷம்.

ரசம் வரும்வரை அவர் மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ரசம் வந்ததும் பேசினார். "தனம், புள்ளைக்குத் தம்ளர்ல குடு. கப்பல்ல எலையில ஊத்தக் கூடாது." கல்யாணத்துக்குப் பிறகு மகளோடு அவர் பேசிய முதல் பேச்சு அது. முதலாளியின் ரசச் சட்டம் வேறு எதற்குப் பயன்பட்டதோ இல்லையோ, இதற்குப் பயன்பட்டது. தனம் தம்ளரை எடுத்துப் பிள்ளை வாயில் வைத்தாள். மருமகன் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து மாமனார் இலையில் வைத்தார். வைரவன் அதைச் சாப்பிட்டார்.

சாயங்காலம் கூட்டத்தோடு முதலாளி திரும்பினார். நான் ஓடிப்போய்ச் சொல்வதற்கு முன் அவரே, "சாப்பிட்டாரா?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பஸ்ஸுல ஏத்தும்போது எண்ணுனேன். ஒரு தல கொறஞ்சுது. அவரு கரையில படகுக்காரங்கிட்ட நின்னு பேசிக்கிட்டிருந்தாரு. பாத்தும் பாக்காத மாதிரி பஸ்ஸ எடுக்கச் சொல்லிட்டேன்" என்றார். தலை குறைந்தும் அவர் பஸ்ஸை எடுத்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

கப்பல் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ஆ சோங் கவலையோடு என்னிடம் வந்தார். எல்லா அறையிலும் தலையணையை மாற்றிவிட்டாராம், ஓர் அறையில் மட்டும் முடியவில்லையாம். போய்ப் பார்த்தேன். வைரவன் பேத்தி தின்று மிச்சம் வைத்த ஜாதிக்காய்ப் பொட்டலத்தை நெஞ்சில் வைத்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கப்பல் தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மனிதர் சுத்தமாக வடக்கே தலை வைத்துத் தூங்கினார். காமாட்சியம்மாள் கதவருகில் உட்கார்ந்திருந்தார். "எழுப்பாதீங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் கடை திறந்ததும் அவர்தான் முதலில் வருவார். "அதே மேச" என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார். பினாங்கில் கப்பல் நிற்கும் நாளில் அவர் கரையில் கால் வைத்ததே இல்லை. மகள் வீடு துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரம். வாக்கு வாக்குத்தான். ஐந்து இலை ஆறாயிற்று, ஏழாயிற்று. நானும் தேர்ந்தேன். பிறகு வந்த பிள்ளைகளுக்கு நான்தான் வேலை சொல்லிக் கொடுத்தேன், படுக்கையில் படுத்துக் கண்ணை மூடிப் பார்க்கச் சொல்லி. எத்தனையோ குடும்பங்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன், ஒரு தலையைத் தொலைத்ததில்லை.

அறுபதுகள் முடியும் தறுவாயில் அந்தக் கப்பல் ஓட்டம் நின்றுபோயிற்று. ரயிலும் விமானமும் ஆட்களை வாங்கிக்கொண்டன. அந்த வருடம் டிசம்பரில் வைரவன் கடைக்கு வந்தார். வயதாகிவிட்டது, படியேறியதற்கே மூச்சு வாங்கியது. சுவரில் இருந்த கப்பல் படத்தைக் கழற்றிவிட்டிருந்தோம். அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"கப்பல் இல்லையாமே?"

"இல்லைங்க ஐயா. நின்னுபோச்சு."

நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டீ வரவழைத்தேன். ஆற்றி ஆற்றிக் குடித்தார். யாருடையதும் இல்லாத அந்த மேசையை நான் இனி எங்கே போய்த் தேடுவேன்?

"சரி, ரயிலு டிக்கெட் போடும்மா" என்றார். "ரெண்டு பேருக்கு. பினாங்குக்கு."

"தங்கறதுக்கு ஓட்டல்ல ரூம் சொல்லட்டுங்களா?"

என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த நடைபாதையில் திசை கேட்ட அதே பார்வை.

"மக வீடு இருக்கறப்ப ரூமு எதுக்கு?"

டிக்கெட்டை எழுதி நீட்டினேன். பையில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, அங்க உப்பு யாரோடதுங்க?"

திரும்பாமலே சொன்னார்.

"நம்ம உப்புதான், போ."